அக்கி மாத்திரைக்கு இரண்டு கணக்கு

அக்கிக்கு எழுதிய சீட்டை யார் நீட்டினாலும், மாத்திரையை எடுக்கப் போகும் முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். கொப்புளம் முதலில் என்றைக்குக் கண்ணில் பட்டது? கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைக் கேட்டதும் முகம் மாறும். "எனக்குக் கிட்னியில் ஒன்றும் இல்லையே, அக்கிதானே வந்திருக்கிறது" என்பார்கள்.

மருந்தாளுநராக 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வியை ஒருவரையும் விடாமல் கேட்கத் தொடங்கியது என் அப்பாவுக்கு அக்கி வந்த பிறகுதான். அவருக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அக்கிக்குக் கொடுக்கும் வாலாசைக்ளோவிர், அசைக்ளோவிர் இரண்டுமே நல்ல மருந்துகள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் தராமல் வேலை செய்பவை. நாள் கணக்கும் கிட்னி கணக்கும் சரியாக இருந்தால் போதும்.

முதலில் நாள் கணக்கு.

சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டு முழுக்கப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருடம் அடங்கிக் கிடக்கும். வயது ஏறும்போதோ வேறு காரணத்தாலோ எதிர்ப்பு சக்தி குறைந்தால், ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வந்துவிடும். அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருவது இதனால்தான். பலருக்குக் கொப்புளம் தெரிவதற்குச் சில நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சலும் குத்தலும் இருக்கும். சட்டை உரசினால்கூடத் தாங்காது.

வைரஸ் பெருகுவதைத் தடுப்பது மட்டும்தான் இந்த மாத்திரையின் வேலை. ஏற்கெனவே பெருகி நரம்பைப் புண்ணாக்கியதை அதனால் சரிசெய்ய முடியாது. அதனால்தான் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறோம். "இரண்டு நாள் பார்ப்போம், எதையாவது தடவிப் பார்ப்போம்" என்று இருந்துவிட்டால் அந்த நேரம் போய்விடும். தாண்டிவிட்டது என்பதற்காக டாக்டரிடம் போகாமலும் இருக்காதீர்கள். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ அதற்குப் பிறகும் மருந்து எழுதுவார்கள்.

அசைக்ளோவிர் களிம்பு கையில் இருக்கிறதே, அதைத் தடவினால் ஆகாதா என்று கேட்பவர்கள் நிறைய. உதட்டில் வரும் சின்னக் கொப்புளத்துக்குக் களிம்பு ஓரளவு உதவும். அக்கிக்கு அது போதாது. மருந்து ரத்தத்தில் கலந்து நரம்பு வரைக்கும் போக வேண்டும்.

இந்த மருந்து எப்படி இவ்வளவு பத்திரமானதாக இருக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த விஷயம் அது. அசைக்ளோவிர் உள்ளே போகும்போது தூங்கும் நிலையில்தான் இருக்கும். வைரஸ் தனக்காகச் செய்துகொள்ளும் ஒரு நொதி பட்டால்தான் அது விழிக்கும். அதனால் வைரஸ் புகுந்த செல்லில் வேலை செய்யும், மற்ற செல்களைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வுக் குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன், மருந்து ஆராய்ச்சிக்காக 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சரி, வேளை விஷயத்துக்கு வருவோம். அசைக்ளோவிர் மாத்திரையாகச் சாப்பிட்டால் அதில் 10 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். போனதும் சுமார் மூன்று மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். அதனால் அக்கிக்கு 800 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் நடு இரவில் எழ வேண்டாம். வாலாசைக்ளோவிர் அதே மருந்துதான், ஒரு அமினோ அமிலத்தைக் கூடச் சேர்த்துக் குடல் எளிதாக உறிஞ்சும்படி செய்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஆகவே 1000 மில்லிகிராம் மூன்று வேளை போதும். இதே வகையில் இன்னொரு மருந்தான ஃபாம்சைக்ளோவிர் என்றால் 500 மில்லிகிராம் மூன்று வேளை. மூன்றும் வழக்கமாக ஏழு நாள். இவை கிட்னி நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கான அளவு. உங்கள் சீட்டில் வேறு மாதிரி இருந்தால் டாக்டர் காரணத்தோடு மாற்றியிருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கவுண்டரில் அடிக்கடி பார்க்கும் குழப்பம் ஒன்று உண்டு. வாலாசைக்ளோவிர் 500, 1000 என்று இரண்டு அளவில் வரும். சீட்டில் 1000 என்று இருந்து கையில் 500 கிடைத்தால் ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை. வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள்: 1000 மாத்திரை என்றால் ஏழு நாளைக்கு 21, 500 என்றால் 42. எண்ணிக்கை இதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள். நான் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் கிழமையும் மணியும் எழுதிக் கொடுப்பேன். திங்கள் 6, திங்கள் 2, திங்கள் 10. எழுதி வைத்தவர்கள் வேளையைத் தவறவிடுவது குறைவு என்பது என் அனுபவம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் எடுக்கலாம். குமட்டினால் சாப்பிட்டுவிட்டு எடுங்கள். தலைவலி, குமட்டல், கொஞ்சம் வயிற்றுப்போக்கு, இவை வரக்கூடியவை. மூன்றாவது நாளே எரிச்சல் குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.

இனி கிட்னி கணக்கு.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. தம்பியோடு வேறு ஊரில் இருந்தார். இடுப்பின் வலப்பக்கத்தில் கொப்புளம் வந்த மறுநாளே தம்பி டாக்டரிடம் கூட்டிப் போனான். வாலாசைக்ளோவிர் 1000, மூன்று வேளை. போனில் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது: சரியான மருந்து, சரியான நேரம். "வேளை தவறாமல் கொடுடா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். டாக்டரும் கிட்னி பற்றிக் கேட்கவில்லை, மருந்து கொடுத்தவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது நாள் இரவு தம்பி கூப்பிட்டான். "அக்கா, அப்பா என்னவோ மாதிரி பேசுகிறார்." காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து போர்வையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் பிடித்து, உற்றுப் பார்த்து, தரையில் போடுவார். மறுபடியும் பொறுக்குவார். என்னப்பா என்று கேட்டேன். "எறும்பு, பார்க்கவில்லையா" என்றார். போர்வையில் ஒன்றும் இல்லை. தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன். கை நடுங்கியதில் பாதி மேலே கொட்டியது. என்னைத் தெரிந்தது, ஆனால் என் பெயருக்குப் பதில் அத்தையின் பெயரைச் சொன்னார்.

வலியில் தூக்கம் கெட்டதால் இப்படி இருக்கிறார் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். வயசாகிவிட்டது என்றும் நினைத்திருந்தார்கள். பீரோவில் இருந்த பழைய ரிப்போர்ட் கட்டை எடுத்துப் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய கிரியேட்டினின் 1.4. பார்த்தால் லேசாகத்தான் கூடியிருப்பது போலத் தோன்றும். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்து மெலிந்த முதியவருக்குக் கிட்னி பாதி வேலைகூடச் செய்யாதபோதும் அந்த எண் பெரிதாக ஏறாது. அதனால் வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 140இல் வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 பெருக்கல் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். பெண்களுக்கு வரும் விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். அப்பாவுக்கு 50 கிலோ. 62 பெருக்கல் 50, அதை 100.8ஆல் வகுத்தால் சுமார் 31. அதாவது கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லி ரத்தத்தைத்தான் சுத்தம் செய்கிறது.

30க்கும் 49க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு அக்கிக்கான வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் இரண்டு வேளைதான். 10 முதல் 29 வரை என்றால் ஒரே வேளை. 10க்கும் கீழே என்றால் 500 ஒரு வேளை. அப்பா மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அது மட்டும் இல்லை. அவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மருந்தில் சிறுநீரை அதிகமாகப் போக்கும் மாத்திரை ஒன்று இருந்தது. எழுந்து நடந்தால் வலிக்கிறது என்று பாத்ரூம் போவதைக் குறைக்கத் தண்ணீரையும் குறைத்திருக்கிறார். வலி தாங்காமல், முன்பு முட்டிவலிக்கு வாங்கி மிச்சமிருந்த டைக்ளோஃபெனாக்கை எடுத்துப் போட்டிருக்கிறார், ஒரு நாளைக்கு இரண்டு. அட்டை தலையணைக்கு அடியில் இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் நன்றாக இருக்கும் கிட்னியே திணறும். அசைக்ளோவிர் வெளியேறும் வழியோ பெரும்பாலும் கிட்னிதான். வெளியேறாமல் தேங்கினால் மூளையைக் குழப்பும். தண்ணீர் குறைந்தால் கிட்னியின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைக்கவும் செய்யும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையையும் டைக்ளோஃபெனாக்கையும் நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். வைரஸே மூளையைத் தாக்கியிருக்குமோ என்ற சந்தேகத்தையும் பார்த்தார்கள். இது முக்கியம். அக்கி வந்தவர் குழம்பிப் பேசினால் மருந்தாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலருக்கு டயாலிசிஸ்கூடத் தேவைப்படும். அப்பாவுக்கு அதுவரை போகவில்லை. ஆஸ்பத்திரியில் நான்காவது நாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ எப்போது வந்தாய்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

ஆகவே மாத்திரை எழுதும் டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை இவை: வயது, எடை, கடைசிக் கிரியேட்டினின், சர்க்கரை நோய் அல்லது ரத்த அழுத்தம் இருக்கிறதா, ஒரே கிட்னியா. அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். 65ஐத் தாண்டியவர் என்றால் கட்டாயம். ரிப்போர்ட் கையில் இல்லை என்பதற்காக மருந்தை நாளைக்கு என்று தள்ளிப்போடவும் வேண்டாம். "கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாது" என்று சொல்லுங்கள். ரத்தம் எடுக்கச் சொல்லி, எந்த அளவில் ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டு இப்போதுதான் யோசிக்கிறீர்கள் என்றால், இன்றைக்கே போன் செய்து கேளுங்கள்; நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். மாத்திரையோடு ஒரு முழு டம்ளர், நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அடர்ந்த நிறமாகவோ, வழக்கத்தைவிடக் குறைவாகவோ போனால் கவனியுங்கள். இதய பலவீனம் உள்ளவர்களும் டயாலிசிஸில் இருப்பவர்களும் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வலிக்கு என்ன செய்வது? அக்கி வலி சாதாரண வலி இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பெரும்பாலும் பத்திரம், கல்லீரல் நோய் இல்லாவிட்டால். அது போதவில்லை என்றால் நரம்பு வலிக்கென்றே காபாபென்டின் அல்லது பிரகாபலின் எழுதுவார்கள். இவையும் கிட்னி வழியாக வெளியேறுபவைதான், இவற்றுக்கும் அளவு குறைக்க வேண்டியிருக்கும், இவற்றாலும் மயக்கமும் தள்ளாட்டமும் வரும். அக்கி மாத்திரையையும் இந்த வலி மாத்திரையையும் ஒன்றாகச் சாப்பிடும் முதியவரை முதல் சில நாள் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள். ஒவ்வொரு நாளும் காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, நேற்று யார் வந்தார்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மற்ற மருந்துகளையும் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடும் மைக்கோஃபெனோலேட், கீல்வாதத்துக்கான புரோபெனெசிட், வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின் ஆகியவை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் கூட்டும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் அதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். தேவை என்றால் டாக்டர் கொடுப்பார். முன்பு இதே வகை மாத்திரையால் உடம்பெல்லாம் தடிப்போ முகவீக்கமோ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் மறுபடி தொடக்கூடாது. சின்னம்மைக்கான உயிர்த் தடுப்பூசி போட நாள் குறித்திருந்தால் தடுப்பூசி போடுபவரிடம் தெரிவியுங்கள், மாத்திரை அந்த ஊசியின் பலனைக் குறைக்கும்.

அக்கி நெற்றியிலோ, இமையிலோ, மூக்கு நுனியிலோ வந்தால் மாத்திரையோடு நிற்காமல் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போகும் நரம்பு ஒன்றே. காதுக்குள் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அவசரம்தான். உடம்பின் இரண்டு பக்கமும் கொப்புளம் பரவினால், அல்லது புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றால், ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கலாம்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டால் தொற்றாது என்று நினைக்க வேண்டாம். கொப்புளத்து நீர் பட்டால், முன்பு சின்னம்மையும் வராமல் அதற்குத் தடுப்பூசியும் போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியே இருக்கட்டும்.

இங்கே சொன்ன நாள் கணக்கை வேறு வைரஸ் மருந்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிரை அறிகுறி தோன்றி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. கோவிட்டுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் ஐந்து நாளுக்குள். அதில் உள்ள ரிட்டோனாவிர் கொழுப்பு மாத்திரை, இதய மாத்திரை என்று பல மருந்துகளோடு மோதும். மஞ்சள் காமாலை பி வைரஸுக்கு என்டெகாவிரோ டெனோஃபோவிரோ சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று மோசமாகலாம்.

மாத்திரை மிச்சமானால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கிட்னிக்கு எழுதிய அளவு அது. ஏழு நாள் முடிந்த பிறகும் வலி தொடர்ந்தால் இன்னொரு ஏழு நாள் இதையே வாங்கிச் சாப்பிடுவதில் பயனில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் வலி நரம்பு புண்பட்டதால் வருவது, அதற்கு வைத்தியம் வேறு.

அப்பாவின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு வெள்ளைத் தாளை வைத்திருக்கிறேன். வாலாசைக்ளோவிர் சாப்பிட்டபோது குழப்பம் வந்தது, என்ன அளவு, எத்தனையாவது நாள், அப்போது கிரியேட்டினின் எவ்வளவு, கூட என்ன வலி மாத்திரை என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே ஒவ்வொரு புதுக் கிரியேட்டினினையும் தேதியோடு தம்பி குறித்து வருகிறான். புதிதாக எந்த டாக்டரைப் பார்க்கப் போனாலும் அப்பா அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறார்.